ரசமட்டம் காற்றுக்குக் குழாய் போட்ட வாரம்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அரசாங்கக் காகிதங்களில் பத்திரமாக இருக்கிறது. ஊர் வாயில் அவர் ரசமட்டம். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள், இவர் பையில் அரை அடி நீளத்துக்கு ஒரு ரசமட்டம் துருத்திக்கொண்டிருக்கும். நடுவில் கண்ணாடிக்குள் ஒரு குமிழி இப்படியும் அப்படியும் ஓடிக்கொண்டிருக்குமே, அந்தக் கருவிதான். தரை எந்தப் பக்கம் சாய்கிறது, குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று அது சொல்லிவிடும். குளிக்கப் போகும்போது மட்டும் அதைக் கழற்றி வைப்பார் என்று அவர் மனைவி சொல்வதுண்டு. அதுவும் முழு உண்மை இல்லை. குளியலறைத் தரையின் வாட்டம் பார்க்க அங்கேயும் கொண்டுபோயிருக்கிறார்.

முப்பத்தோரு வருஷமாகக் குழாய் வேலை. யார் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனாலும் முதலில் பின்கட்டுக்குப் போய்த் தரையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நலம் விசாரிப்பார். மச்சினி புது வீடு கட்டிக் குடிபோன அன்றைக்கே, "இந்த மூலையில தண்ணி நிக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தார். நின்றது. அதிலிருந்து அந்த வீட்டில் அவருக்குக் காபி வாசலிலேயே கிடைக்கிறது.

மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்தான் அவருடைய தனிப் பெருமை. தொட்டியிலிருந்து கடைசிக் குழாய் வரைக்கும் இறங்குமுகமாகவே வர வேண்டும். நடுவில் ஓரிடத்தில் குழாய் மேடேறினால் போதும், காற்று அங்கே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு தண்ணீரை விடாது. காற்று உட்கார்ந்த குழாயைப் பார்த்தால் அவருக்கு ஆகவே ஆகாது. "தண்ணிக்குச் சொந்தப் புத்தி கிடையாது, நாமதான் வழி சொல்லணும்" என்பார். அவர் வழி சொன்ன தண்ணீர் இந்தப் பேட்டையில் நூற்றுக்கணக்கான வீடுகளில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். மனிதர் வாய்தான் அப்படி. கை சுத்தம்.

அப்படிப்பட்டவர் ஒரு காருக்கு பெயின்ட் அடிக்கக் கிளம்பியதற்குக் காரணம் அவர் மனைவி.

அந்த அம்மாள் பதினெட்டு வருஷம் ஒரு துணிக்கடையில் நின்றவள். கடை போன வருஷம் மூடிவிட்டது. ஒரு மாதம் தூங்கினாள், ஒரு மாதம் வீட்டை ஒட்டடை அடித்தாள், மூன்றாவது மாதம் "எனக்கு இந்தச் சுவரெல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, நாற்பத்தொன்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். உரிமத்துக்கான தேர்வில் மூன்று தடவை தோற்றாள். முதல் தடவை மேட்டில் வண்டி நின்றுபோனது. இரண்டாவது தடவை திருப்பத்தில் வைத்திருந்த கூம்பு ஒன்று சாய்ந்தது. மூன்றாவது தடவை கை நடுக்கத்தில் பக்க விளக்குக்குப் பதிலாகக் கண்ணாடி துடைப்பானைப் போட்டுவிட்டாள். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும் அவரிடம் ஒரு வசனம் தயாராக இருந்தது. "வெயில்ல கண்ணாடியத் தொடச்சா யாரும் பாஸ் போட மாட்டாங்க" என்றது மூன்றாவது. நாலாவது தடவை தேறினாள்.

அவள் கார் ஓட்டப் படித்த பள்ளியை நடத்தும் அம்மாள் ஒரு நாள் வீடு தேடி வந்தாள். பயந்து பயந்து கற்றுக்கொள்ளும் பெண்களுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்றாள். "பயந்து ஜெயிச்சவங்க சொன்னாத்தான் அவங்க கேப்பாங்க. நீங்க வாங்க. வண்டி மட்டும் உங்களோடது வேணும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கொண்டு வந்து காட்டுங்க, பாக்க மரியாதையா இருக்கட்டும். முடியலேன்னா சொல்லிடுங்க, திங்கக்கிழமைக்கு இன்னொருத்தரக் கேட்டு வெச்சிருக்கேன்."

வண்டி இருந்தது. மரியாதைதான் இல்லை. அவளுடைய அண்ணன் கொடுத்த பழைய கார் அது. பானெட் வெளிறிப்போய்த் தோல் உரிந்திருந்தது. மூன்று கதவு சாம்பல், ஒரு கதவு வெள்ளை, கூரை என்ன நிறம் என்று கூரைக்கே மறந்துவிட்டது.

"கடையில குடுத்துடலாமா?" என்றாள் மனைவி.

"எதுக்கு?" என்றார் ரசமட்டம். "பெயின்ட் என்ன, வானத்துலேருந்தா குதிக்குது? ஒரு முனையில உள்ள போயி இன்னொரு முனையில வெளிய வர்ற சமாசாரம்தானே. குழாய் வேலைதான். நானே அடிச்சுத் தரேன்."

வேறு ஊரில் வேலையிலிருக்கும் மகள் போனில், "அப்பா, விஷப்பரீட்சை வேணாம்ப்பா" என்றாள். அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மனைவி மட்டும் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, உங்களை நம்பறேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் அவரைப் படுத்தி எடுத்தது.

மரவேலைக் கடை ஒன்றிலிருந்து பழைய கம்ப்ரசர் வந்தது. காற்றை இழுத்து அழுத்தி ஒரு தொட்டியில் அடைத்து வைக்கும் இயந்திரம், இரண்டு சக்கரமும் ஒரு உறுமலுமாக. பெயின்ட் கடைக்காரர் பெயின்ட்டைப் பீய்ச்சும் ஸ்ப்ரே கன்னும் முகமூடியும் கொடுத்தார், கூடவே ஒரு எச்சரிக்கையும்: "பிளாஸ்டிக் குழாய்ல காத்தை விட்டுடாதீங்கண்ணே, அழுத்தம் தாங்காம வெடிச்சுச் சிதறும். இரும்புலதான் போடணும்." இதை ரசமட்டத்திடம் சொல்ல வேண்டியதே இல்லை. அவர் ஏற்கெனவே இரும்புக் குழாய் எடுத்து வைத்திருந்தார்.

கார் நிற்கும் ஷெட்டின் பின் மூலையில் கம்ப்ரசர். அங்கிருந்து சுவரோரமாக முன்பக்கம் வரைக்கும் நேராக ஒரே குழாய். என்ன வாட்டம், என்ன வாட்டம்! கம்ப்ரசரிலிருந்து கன் மாட்டும் முனை வரைக்கும் ஒரே சீராக இறங்கி வந்தது. ரசமட்டத்தை வைத்தால் குமிழி அவர் நினைத்த கோட்டில் போய் நின்றது. கடைசி முனையில் குழாயின் அடிப்பக்கமிருந்து ஒரு வளைவு எடுத்து, அதில் கன்னுக்குப் போகும் ரப்பர் ஹோஸை மாட்டினார். ஒரு சொட்டுகூட எங்கும் தங்காது. அவருடைய கூட்டாளி, வாஷர் என்று பெயர் வாங்கிய ஒல்லி மனிதர், வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல தண்ணி விட்டா பாட்டுப் பாடிக்கிட்டு வரும்" என்றார். இருவருக்கும் பெருமை தாங்கவில்லை. அந்த வாயில் என்ன வந்தது என்று இருவருமே யோசிக்கவில்லை.

வண்டியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, அடிப்பூச்சு முடித்தது முந்தின வாரமே. ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டில் மேல்பூச்சு ஆரம்பம். அவள் தேர்ந்தெடுத்த நிறம் மயில் கழுத்து நீலம். அவருக்குச் சாம்பல் பிடிக்கும், அழுக்குத் தெரியாது. அந்த விஷயத்தில் அவருக்கு ஓட்டு இல்லை என்று ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது.

முதல் இரண்டு நிமிஷம் அற்புதம். கன் "உஸ்ஸ்" என்று சீராக மூச்சுவிட, நீலம் மெல்லிய புகையாகப் போய்ப் படிந்து பளபளத்தது. அவர் முகமூடியை இறக்கிவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். அவள் ஈரக்கையோடு வந்து வாசலில் நின்று, "அழகா இருக்குங்க" என்றாள். அவர் மறுபடியும் கன்னை அழுத்தினார். கன் ஒரு தடவை இருமியது. "ப்ளிச்" என்று துப்பியது. பானெட்டின் நடுவில் தண்ணீர் கலந்த நீலம் பொட்டுப் பொட்டாக விழுந்து, ஒவ்வொரு பொட்டும் அவர் கண்ணெதிரே ஒரு சின்னக் குழியாக வாய் திறந்தது. பத்து நிமிஷத்தில் பானெட்டுக்கு அம்மை போட்டுவிட்டது.

அவள் உள்ளே போய்விட்டாள்.

"பெயின்ட் சரியில்ல" என்று அவர் ஷெட்டுக்கு அறிவித்தார்.

திங்கட்கிழமை கடைக்காரர் பெயின்ட் சரிதான் என்றார். "காத்துல எப்பவும் ஈரம் இருக்கும்ணே. அதை அழுத்தி அடைச்சா சூடாகும், சூட்டுல ஆவியாவே இருக்கும். சூடு தணிஞ்சதும் தண்ணியா இறங்கிடும். தொட்டி அடியில ஒரு திருகு இருக்கு பாருங்க, அதைத் திறந்து விட்டீங்களா?" திறந்து விடவில்லை. அப்படி ஒன்று இருப்பதையே அவர் பார்த்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து திறந்தார். துருவும் தண்ணீருமாக ஒரு சொம்பு கொட்டியது. கூடவே கடைக்காரர் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் ஒன்றைக் கொடுத்திருந்தார். கண்ணாடிக் கிண்ணம், குழாயின் வழியில் மாட்டினால் காற்றிலிருக்கும் தண்ணீர் அதில் விழுந்து தங்கும்.

"எங்க மாட்டணும்னு சொன்னாரா?" என்று மனைவி கேட்டாள்.

"எனக்கா சொல்லணும்? திருடனை வாசல்லயே பிடிக்கணும்" என்று சொல்லி, கம்ப்ரசரின் வாயிலேயே, தொட்டியிலிருந்து காற்று வெளியே வரும் இடத்திலேயே மாட்டினார். கம்ப்ரசரை ஓட்டினார். கிண்ணத்தில் ஒரு சொட்டு விழவில்லை. "பாத்தியா? காத்து எலும்பாட்டம் காஞ்சிருக்கு!" என்று சந்தோஷப்பட்டார். பழைய பூச்சைத் தேய்த்து எடுத்து, துடைத்து, உலர்த்தி, பானெட்டில் மறுபடியும் அடித்தார். மூன்றாவது நிமிஷத்தில் கன் இருமியது.

இரண்டாவது அம்மை.

இந்த இடத்தில் மனிதருடைய புத்தி எங்கெல்லாம் ஓடியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். பக்கத்து வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதால்தான் ஈரம் என்று போய்ச் சொல்லி, ஒரு நாள் முழுக்கச் செடிகளைத் தாகத்தில் வைத்தார். மனைவி துணி உலர்த்தும் கொடியை மொட்டை மாடிக்கு மாற்றினார். ஷெட் பக்கம் யாரும் காபி டம்ளரோடு வரக்கூடாது என்று தடை போட்டார். முதல் கிண்ணத்துக்குத் துணையாக இரண்டாவது கிண்ணம் ஒன்று வாங்கி, அதையும் முதல் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே, கம்ப்ரசர் வாயில், ஜோடியாக மாட்டினார். இரண்டும் பளிங்காட்டம் காய்ந்திருந்தன. செவ்வாய்க்கிழமை மாலை மூன்றாவது தடவை அடித்தார். மூன்றாவது தடவையும் கன் துப்பியது.

புதன்கிழமை காலையில் அவர் வேலைக்குப் போகவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு பானெட்டின் எதிரில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் ரசமட்டம் இருந்தது, ஆனால் மனிதரிடம் அந்த மிடுக்கு இல்லை. உண்மையைச் சொன்னால், பானெட் அவரை அவ்வளவாக வருத்தவில்லை. மூன்று நாளாக மனைவி ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை என்பதுதான் அவரை அரித்தது. சொல்லியிருந்தால் அவரும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி மனசு ஆறியிருப்பார். அவள் வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டாள், பழைய துணியைத் துடைப்பதற்கு வெட்டிக் கொடுத்தாள், வெள்ளிக்கிழமையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அவள் இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூணு தடவை ஆச்சு" என்றார் அவர்.

"எனக்கும் மூணுதான்."

அவருக்குச் சுருக்கென்றது. "அப்ப நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்தான்" என்றாள் அவள். "அந்தக் கண்ணாடி தொடைக்கிற பேச்சு இருக்கே, அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடவே இல்ல. நீங்க கவனிக்கல."

அவர் கவனித்திருக்கவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வந்து பழக்கமில்லாததால் வேறு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. "அந்தச் சின்னக் கண்ணாடியக் கொண்டா" என்றார்.

அவள் முகம் பார்க்கும் கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டாள். அவர் கன்னில் பெயின்ட் இல்லாமல் வெறும் காற்றைக் கண்ணாடி மேல் அடித்தார். முதலில் ஒன்றுமில்லை. அடித்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது நிமிஷம், "ப்ளிச்." கண்ணாடியில் ஒரு சொட்டு வழிந்தது. பின்னாலேயே இன்னும் நாலு.

"அங்க ரெண்டு கிண்ணமும் காஞ்சு கெடக்கு. இங்க தண்ணி வருது" என்றாள் அவள். "அப்ப வழியிலதானே எங்கயோ தண்ணியாகுது?"

"சூடு தணியும்போது ஆகும்னு கடைக்காரன் சொன்னான். கம்ப்ரசர் வாயில காத்து கொதிச்சுக்கிட்டு வருது. அங்க ஆவியாத்தான்..." அவர் பாதியில் நிறுத்தினார்.

அவள் குழாயைப் பின்மூலையிலிருந்து முன்முனை வரைக்கும் கண்ணாலேயே நடந்து பார்த்தாள். துணிக்கடையில் பதினெட்டு வருஷம் துணியின் ஓட்டம் பார்த்த கண். "இந்தத் தண்ணி கன்னுக்கு வரக்கூடாதுங்கிறீங்க. குழாய மட்டும் சொட்டு விடாம எல்லாத்தையும் கன்னுக்குக் கொண்டு வந்து சேக்கற மாதிரி போட்டிருக்கீங்களே. ஏன்?"

ரசமட்டம் குழாயைத் திரும்பிப் பார்த்தார்.

ஏனென்றால் அவருக்கு வேறு மாதிரி போடத் தெரியாது. முப்பத்தோரு வருஷமாக அவர் கை அப்படித்தான் போட்டது, கேட்காமலே போட்டது. தண்ணீரைக் கொண்டுவருவதில் எமகாதகர் ஒருவர் போட்ட குழாய், கொண்டுவரக்கூடாத இடத்துக்கும் தண்ணீரை மிக நேர்த்தியாகக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்துபோய்க் குழாயின் மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி அவரைப் பார்த்துத் தப்பாத கோட்டில் நின்றது. அவர் முதலில் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். அவளும் சிரித்தாள். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று நாளாகப் பிடித்து வைத்திருந்ததெல்லாம் அதில் வெளியே போனது.

மத்தியானத்துக்குள் குழாய் முழுவதையும் கழற்றிவிட்டார். புதிதாகப் போடுவதுதான் சிரமமாக இருந்தது. வேலை பெரிதில்லை, கைதான் மறுத்தது. கம்ப்ரசரிலிருந்து குழாய் முதலில் செங்குத்தாக மேலே ஏற வேண்டும். அப்புறம் ஷெட்டின் மூன்று சுவரையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவு தூரம் போனால்தான் காற்றின் சூடு வழியிலேயே தணியும். போகப் போகக் குழாய் மேடேற வேண்டும், அப்போதுதான் இறங்கிய தண்ணீர் காற்றோடு முன்னால் போகாமல் பின்பக்கமாகவே வழிந்து திரும்பி வரும். திரும்பி வந்த தண்ணீரைத் திறந்துவிட, குழாயின் அடிமுனையில் ஒரு வால்வு. முன்முனையில் காற்றைக் குழாயின் அடியிலிருந்து எடுக்காமல் முதுகிலிருந்து எடுத்து, வளைத்துக் கீழே கொண்டுவர வேண்டும். அதற்கப்புறம்தான், அந்தக் குளிர்ந்த முனையில்தான், கிண்ணம். அதை அடுத்து, மிச்ச ஈரத்தைக் குடிக்கிற நீலக் குருணைகள் நிரப்பிய ஒரு சிமிழ். ஈரம் குடித்தால் அந்தக் குருணை இளஞ்சிவப்பாக மாறிவிடும்.

நாலு மணிக்கு வாஷர் வந்தார். சுவரைப் பார்த்தார். அவருடைய வாய் திறந்தபடியே நின்றது.

"அண்ணே, மட்டம் தப்பா இருக்கு."

"தப்பாத்தான் இருக்கணும். அந்த ஸ்பேனரை எடு."

"குழாய் மேடேறுதுண்ணே!"

"ஏறட்டும்."

"முதுகுல ஓட்டை போட்டிருக்கீங்க!"

"போட்டிருக்கேன்."

வாஷர் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று மெல்லக் கேட்டார். அவள், "இப்பத்தான் சரியாயிருக்கு" என்றாள். வேலை முடிகிறவரைக்கும் வாஷர் அந்தக் குழாய்ப் பக்கம் நேராகப் பார்க்கவில்லை. யாராவது குழாய்க்காரர்கள் அந்த வழியாக வந்துவிடப் போகிறார்களே என்று ஷெட் கதவை அரைவாசி சாத்தியும் வைத்தார்.

பானெட்டை மறுபடியும் தேய்த்துத் துடைத்து வைத்து, வியாழக்கிழமை காலையில் வெயில் ஏறி, காற்று காய்ந்த பிறகு ஆரம்பித்தார்கள். கதவை விரியத் திறந்துவிட்டு முகமூடியை மாட்டிக்கொண்டார். ஹோஸ் குளிர்ந்த தரையில் படாமல் வாஷர் அதைத் தோளில் தாங்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். முதலில் கைக்கண்ணாடி. அவள்தான் பிடித்தாள். மூன்று நிமிஷம் போனது. ஐந்து போனது. பத்து போனது. அவர் கன்னை விடவில்லை, அவள் கண்ணாடியை இறக்கவில்லை. கண்ணாடியில் அவள் முகம் மட்டும்தான் இருந்தது. அவர் அடி வால்வைத் திறந்தார். "சர்ர்" என்று தண்ணீர் சீறிக்கொண்டு தரையில் விழுந்தது. அத்தனையும் கன்னுக்கு வந்திருக்க வேண்டிய தண்ணீர்.

"திரும்பி வந்துடுச்சு" என்றார் அவர். வாஷர் பக்கத்தில் இல்லாமலிருந்தால் அழுதிருப்பார். தண்ணீர் தன் முனைக்கு வராததற்காக அவர் வாழ்க்கையில் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

பானெட், கூரை, நாலு கதவு, பின்பக்கம். அரை மணிக்கு ஒரு தடவை வால்வைத் திறப்பார், சிமிழைப் பார்ப்பார், மறுபடியும் அடிப்பார். கன் ஒரு தடவைகூட இருமவில்லை. மூன்றாவது பூச்சு முடிந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. மயில் கழுத்து நீலம் வண்டி முழுக்க ஒரே சீராக நின்றது. அவள் கிட்டே போகாமல் வாசலிலிருந்தே பார்த்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். அவரும் பெயின்ட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை ஒன்பதே காலுக்கு அவள் சாவியோடு வந்தாள். பெயின்ட் காய்ந்திருந்தது. ஷெட்டிலிருந்து பின்பக்கமாக எடுத்து, இரண்டு தூணுக்கு நடுவே கேட்டைத் தாண்டி, தெருவுக்குத் திருப்ப வேண்டும். இத்தனை நாள் வராத பதற்றம் அவருக்கு அப்போதுதான் வந்தது. வண்டி ஒரு சாண் நகர்வதற்குள், "பாத்து, பாத்து! இந்தப் பக்கம்! ஐயோ, அந்தப் பக்கம்! நிறுத்து! வா, வா... வராதே!" என்று இரண்டு கையாலும் ஆகாயத்தைப் பிசைந்தார்.

அவள் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினாள். "நீங்க உள்ள போங்க."

"நான் சும்மா..."

"நீங்க பாத்தா எனக்குக் கை நடுங்குது. உள்ள போங்க."

போனார். சமையலறையில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி உறுமியது. நின்றது. மறுபடியும் உறுமியது. அவர் மூச்சுவிடாமல் காது கொடுத்தார். கேட் கிரீச்சிட்டது. அப்புறம் சத்தம் தெருவில் இறங்கி, மெல்ல மெல்லக் குறைந்து, திருப்பத்தில் காணாமல் போனது. போய்விட்டாள். அவர் வெளியே ஓடிவந்தார்.

வெள்ளைத் தூணில், முழங்கால் உயரத்தில், ஒரு சாண் நீளத்துக்கு மயில் கழுத்து நீலம்.

அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது. வசனம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நல்ல வசனம்தான், கேட்டிருந்தால் நீங்களே சிரித்திருப்பீர்கள். கேட்க ஆளில்லாத தெருவில் அதை அப்படியே விழுங்கினார். ஷெட்டுக்குப் போய்த் பெயின்ட்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியைக் கொண்டுவந்து, உட்கார்ந்து, அந்த நீலக் கோட்டைத் துடைத்தார். போய்விட்டது. ஆனால் துடைத்த இடம் மட்டும் பளிச்சென்று காட்டிக்கொடுத்தது. அதனால் அந்தத் தூண் முழுவதையும் துடைத்தார். இப்போது அந்தத் தூண் மட்டும் காட்டிக்கொடுத்தது. அதனால் மற்றத் தூணையும் மேலிருந்து கீழ்வரை துடைத்தார். முடிக்கும்போது மணி பன்னிரண்டு.

பன்னிரண்டரைக்கு அவள் வந்தாள். இறங்கும்போதே முகம் சொல்லிவிட்டது. "திங்கக்கிழமையிலேருந்து வரச் சொல்லிட்டாங்க! வண்டியைச் சுத்தி வந்து பாத்தாங்க. எந்தக் கடையில அடிச்சீங்கன்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர்தான், அவர் குழாய் வேலை பாக்கறவருன்னு சொன்னேன். நம்பவே இல்லைங்க!"

அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒன்றைக் கவனித்தார். எப்போதும் ஷெட்டின் நடுவில் நிறுத்துகிறவள், இன்றைக்கு இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்ட நிறுத்தியிருந்தாள். நடுவே ஒரு பூனை புக முடியாது.

அவளும் ஒன்றைக் கவனித்தாள். "தூணெல்லாம் பளிச்சுன்னு இருக்கு?"

"சும்மாத்தானே இருந்தேன். தொடச்சேன்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான்."

அவள் வேறொன்றும் கேட்காமல் சமைக்கப் போனாள். அன்றைக்கும் மறுநாளும் இருவரும் அந்தச் சுவர்ப் பக்கம் போகவில்லை. ஷெட்டுக்குப் போனபோதெல்லாம் வண்டியின் வலது பக்கத்தையே மாறி மாறிப் புகழ்ந்துகொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்துவிட்டு அவர் மெல்ல ஆரம்பித்தார். "கலக்காத பெயின்ட் அரை டப்பா மிச்சம் இருக்கு. வீணாப் போகும். இடது பக்கக் கதவுக்கு இன்னொரு கோட் குடுத்தா என்னன்னு பாக்கறேன்."

"வலது பக்கத்துக்கு?"

"வலது பக்கம் நல்லாத்தான் இருக்கு."

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். ஏதாவது வசனம் வருமா என்று காத்திருக்கிற மாதிரி பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அவர் கம்ப்ரசர் தொட்டியின் அடித் திருகைத் திறக்கக் குனிந்துவிட்டார்.

"தள்ளி நில்லுங்க" என்று சாவியை எடுத்தாள். "வெளிய எடுத்துத் திருப்பி நிறுத்தறேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக வீட்டுக்குள் போகத் திரும்பினார்.

"எங்க போறீங்க? பின்னாடி போயி நின்னு, எவ்வளவு இடம் இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள் அவள்.

அவர் போய்த் தூணோரம் நின்றார்.